ஆனர்ஸ் வாயில்: இந்தியப் பல்கலைக்கழகங்களில் சிறப்புப் பட்ட வகுப்புச் சேர்க்கையின் வரலாறு

முன்னுரை

இந்திய உயர்கல்வியில் 'ஆனர்ஸ்' என்னும் சொல் நூறாண்டுகளுக்கு மேலாகத் தனி மதிப்புடன் வழங்கி வருகிறது. 'சிறப்புப் பட்டம்' எனத் தமிழாக்கம் செய்யப்பட்டபோதும், ஆனர்ஸ் என்ற சொல்லே வழக்கில் நிலைத்தது. ஒரு தலைமுறைக்கு முந்தைய தமிழறிஞர், அரசியல் தலைவர், நீதிபதி ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளில் 'பி.ஏ. (ஆனர்ஸ்)' என்ற அடைமொழி தவறாது இடம்பெறும். பட்டம் பெற்ற செய்தியை இக்குறிப்புகள் தருகின்றன. அவ்வகுப்பிற்குள் ஒருவர் எவ்வாறு நுழைந்தார் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஒரு கல்விமுறையின் இயல்பை அதன் பாடத்திட்டம் ஒருபுறம் காட்டினால், அதன் சேர்க்கை வாயில் மறுபுறம் காட்டும். ஒரு மாணவரைத் தகுதியுடையவர் என்று எப்பொழுது, எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்கிறார்கள் என்பதே சேர்க்கையின் உள்ளீடு. இந்தியாவில் ஆனர்ஸ் வாயில் ஒரே இடத்தில் நின்றதில்லை. முதலில் அது படிப்பின் இறுதியில் இருந்தது; பின்னர்க் கல்லூரிப் படிப்பின் நடுவிற்கு வந்தது; அதன்பின் பள்ளியிறுதிக்கு நகர்ந்தது; அண்மைக் காலத்தில் அதன் ஒரு பகுதி மீண்டும் நடுவிற்குத் திரும்பியுள்ளது. இவ்விடமாற்றங்களையும், அவற்றால் பயனுற்றோர் யார், விடுபட்டோர் யார் என்பதையும், இந்திய மொழிக் கல்வி இவற்றால் எய்திய நிலையையும் கல்கத்தா, சென்னை, தில்லி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேர்வின் இறுதியில் கிடைத்த பெருமை

ஆனர்ஸ் என்பது இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் தேர்வு மரபில் தோன்றியது. ஆக்ஸ்ஃபோர்டில் 1800ஆம் ஆண்டின் தேர்வு விதி சாதாரணத் தேர்ச்சியினின்றும் சிறப்புத் தேர்ச்சியைப் பிரித்தது. கேம்பிரிட்ஜின் கணித டிரைபாஸ் தேர்வு, முதல் வகுப்பினரை 'ராங்க்ளர்' என்று தரவரிசைப்படுத்தியது. 1874இல் ஆனந்த மோகன் போஸ் இத்தகுதி பெற்ற முதல் இந்தியரானார். இம்மரபில் ஆனர்ஸ் என்பது முதற்கண் தேர்வு முடிவின் பெயராகும்.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் பல்கலைக்கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. பொதுப் பட்டத்திற்கான தேர்வு, தகுதியுள்ள மாணவரின் ஊக்கத்தைக் கெடுக்காத தரத்தில் அமைய வேண்டும். அதன்பின் நடைபெறும் ஆனர்ஸ் போட்டி, உயர்ந்த திறனுக்கு உறுதி தரும் தரத்தில் அமைய வேண்டும் என்று அவ்வறிக்கை இரண்டையும் வேறுபடுத்தியது. பட்டத்திற்கான தேர்வு முன்னது. ஆனர்ஸ் போட்டி பின்னது என்ற இவ்வரிசை கருதத்தக்கது. பட்டம் பலருக்கு உரியது. பெருமை சிலருக்கு உரியது. அச்சிலர் யாவர் என்பதை அவர்கள் படித்து முடித்த பின்னரே அறிய முடியும் என்பது அவ்வரிசையின் உட்பொருள்.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவை தொடக்கத்தில் பாடம் நடத்தும் நிறுவனங்களாக அல்லாமல் தேர்வு நடத்தும் நிறுவனங்களாகவே விளங்கின. 1858இல் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் யதுநாத் போசும் கல்கத்தாவின் முதல் பட்டதாரிகளாயினர். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அக்காலத்தில் ஒருவர் கல்லூரியில் சேர்ந்தார். பட்டத் தேர்வு எழுதினார். அதற்கு மேலும் திறன் காட்டியவர் சிறப்பெய்தினார். 'ஆனர்ஸில் சேர்தல்' என்னும் தொடருக்கு இன்றுள்ள பொருள் அன்று பிறக்கவில்லை.

2. நடுவில் அமைந்த வாயில்: கல்கத்தா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் கல்கத்தாவில் ஆனர்ஸ் பி.ஏ. படிப்புடன் இணைந்தது. 1886இல் பெத்யூன் கல்லூரியில் பயின்ற கவிஞர் காமினி ராய் வடமொழியில் ஆனர்சுடன் பட்டம் பெற்றார். பிரித்தானிய இந்தியாவில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற முதல் பெண் என அவர் போற்றப்படுகிறார். கதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் பெண்களுள் முதல் பட்டதாரிகளாகி மூன்றாண்டுகளே கழிந்த நிலையில் இது நிகழ்ந்தது. பெண்கள் பட்டம் பெறலாமா என்ற வினா ஓயுமுன்னரே ஒரு பெண் சிறப்புப் பட்டம் எய்தினார் என்பதும், அது ஓர் இந்தியச் செம்மொழியில் கிடைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கன.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பின் பாட அமைப்புகள் திருத்தப்பட்டன. மெட்ரிக்குலேஷன், அதன்பின் ஈராண்டு இன்டர்மீடியட், அதன்பின் பட்ட வகுப்பு என்ற படிநிலை வலுப்பெற்றது. மாணவர் ஆனர்ஸ் பாடத்தைத் தெரிந்தெடுத்தது இன்டர்மீடியட்டிற்குப் பின்னரே. வாயிலுக்கு முன் ஈராண்டுக் கல்லூரி வாழ்வு இருந்தது என்பதே இவ்வமைப்பின் உயிர்நிலை எனலாம்.

இதன் பயனை மேகநாத் சாகாவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. டாக்காவுக்கு அருகிலிருந்த சியோராதலி என்னும் சிற்றூரில் எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். வேற்றூர்ப் பள்ளியில் பயில ஒரு மருத்துவரின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. 1905இல் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்தமையால் டாக்கா கல்லூரியட் பள்ளியினின்றும் நீக்கப்பட்டு வேறு பள்ளியில் படிப்பைத் தொடர்ந்தார். டாக்கா கல்லூரியில் ஐ.எஸ்சி. முடித்து, 1911இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டின் கணித ஆனர்ஸ் தேர்வில் சத்தியேந்திர நாத் போஸ் முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர். தலைநகரில் வளர்ந்த போசும் சிற்றூரிலிருந்து வந்த சாகாவும் ஒரே வகுப்பில் அமர்வதற்கு, நடுவில் அமைந்த அவ்வாயில் வழிசெய்தது. எனினும் வகுப்பறையில் கிடைத்த சமநிலை விடுதியில் கிடைக்கவில்லை. சாதி காரணமாக ஈடன் இந்து விடுதியில் சாகா இழிவுக்கு ஆளானார். வாயில் திறந்திருப்பதும் உள்ளே இடம் கிடைப்பதும் வெவ்வேறு என்பதற்கு இது சான்று.

வாயில் மூடப்பட்டுப் பின் திறந்ததற்குச் சுபாஷ் சந்திர போஸ் சான்றாவார். 1913இல் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்த அவர், 1916இல் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டி வெளியேற்றப்பட்டார். படிப்புத் தடைப்பட்ட பின், 1917இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியின் முதல்வர் அர்க்குஹார்ட்டை அணுகித் தத்துவ ஆனர்ஸில் சேர விரும்புவதைத் தெரிவித்தார். பழைய கல்லூரிக்கு மறுப்பில்லையெனில் சேர்த்துக்கொள்ள அவர் இசைந்தார். சேர்ந்த மாணவர் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். சேர்க்கை முற்றிலும் மதிப்பெண்ணால் இயங்கும் ஒரு முறையில் இத்தகைய இசைவுக்கு இடமில்லை. கல்லூரி முதல்வரின் விருப்பதிகாரம் பலருக்குத் தீங்கும் செய்திருக்கக்கூடும். ஆயின் ஒருவரை எண்ணாக அல்லாமல் ஆளாகக் காணும் வாய்ப்பு அதில் இருந்தது.

3. சென்னை ஆனர்ஸ்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் அமைப்பு கல்கத்தாவினின்றும் வேறுபட்டது. இங்கு இன்டர்மீடியட்டிற்குப் பின் சாதாரண பி.ஏ. ஈராண்டும் ஆனர்ஸ் மூன்றாண்டும் ஆகும். ஆனர்ஸ் மாணவர் ஒரு பாடத்தில் ஆழ்ந்து பயின்றார். பட்டம் பெற்றுக் குறிப்பிட்ட காலம் கழிந்தபின், வேறு தேர்வின்றிக் கட்டணம் செலுத்தி எம்.ஏ. பட்டமும் பெறலாம். ஆகவே ஆனர்ஸில் சேர்வது முதுகலைக்கும் முன்கூட்டியே சேர்வதாயிற்று. கல்லூரி ஆசிரியப் பணிக்கும் ஆட்சிப் பணித் தேர்வுகளுக்கும் அது நெடுஞ்சாலையாக அமைந்தது.

இச்சாலையின் தொடக்கத்தில் இருந்த இன்டர்மீடியட் அல்லது அதற்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வு பல பாடங்களில் தேர்ச்சியை வேண்டியது. சீனிவாச இராமானுஜன் கணிதத்தில் ஒப்பற்றவராக இருந்தும், பிற பாடங்களில் தவறியமையால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரி வழியாக எழுதியும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரு பாடத்தில் ஆழ விரும்புவோருக்கு உரிய படிப்பின் வாயிலை, எல்லாப் பாடங்களிலும் சராசரித் தேர்ச்சி என்னும் பூட்டு காத்து நின்றது. நடுவில் அமைந்த வாயிலின் குறை இதுவாகும்.

அவ்வாயிலைக் கடந்தவர்களுள் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். 1925இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஈராண்டு இன்டர்மீடியட்டும் மூன்றாண்டு ஆனர்சுமாக 1930 ஜூனில் இயற்பியலில் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) பட்டம் பெற்றார். அவர் விரும்பியது கணிதம். மகன் இந்திய ஆட்சிப் பணியில் சேர வேண்டுமென எண்ணிய தந்தை விரும்பியது இயற்பியல். பதிவேட்டில் இயற்பியல் மாணவராக இருந்துகொண்டே அவர் கணித வகுப்புகளிலும் அமர்ந்து கேட்டார். 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் அறிஞர் சாமர்ஃபெல்டைச் சந்தித்துப் புதிய குவாண்டம் கொள்கையைப் பற்றி அறிந்த அவர், மாணவராக இருக்கும்போதே 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். பதிவுக்கும் விருப்பத்திற்கும் இடையே நெகிழ்வு இருந்தமையால் விளைந்த பயன் இது. ஆனர்ஸ் பாடத்தை மாணவர் தெரிவு செய்கிறாரா, குடும்பம் தெரிவு செய்கிறதா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது என்பதும் இதனால் விளங்கும்.

சி. என். அண்ணாதுரையின் வரலாறு வேறு வகையினது. காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழிலர் குடும்பத்தில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பின் இடையே நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்ற நேர்ந்தது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பொருளியலும் அரசியலும் அவர் கற்ற துறைகள். பள்ளியில் தடைப்பட்ட ஒருவருடைய திறன் கல்லூரிக்குள் வந்தபின் வெளிப்பட்டது. பள்ளி மதிப்பெண்ணே இறுதி அளவுகோலாக இருந்திருப்பின் இத்தகையோர் நிலை என்னவாகியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

4. தமிழ் மாணவருக்கு எந்த வாயில்?

சென்னை மாகாணக் கல்லூரிகளில் ஆங்கிலம், வரலாறு, பொருளியல், கணிதம், இயற்பியல் முதலியன ஆனர்ஸ் பாடங்களாகச் சிறந்து விளங்கிய காலத்தில், தமிழறிஞர் பெரும்பாலோர் வேறொரு வழியிலேயே வந்தனர். அது 'வித்துவான்' தேர்வும், அதன்பின் கீழ்த்திசைக் கல்விக்குரிய பி.ஓ.எல்., எம்.ஓ.எல். பட்டங்களும் ஆகும். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு சிறப்புற்றது. அதன் மாணவர் பலர் பின்னர்த் தமிழ்த்துறைகளிலும் பொதுவாழ்விலும் முன்னணியில் நின்றனர். எனினும் நெடுங்காலம் வித்துவான் வழியே பெருவழியாக இருந்தது.

மு. வரதராசனின் கல்வி வரலாறு அப்பெருவழியின் வரைபடமாக அமைகிறது. எழுத்தராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்த அவர் 1935இல் வித்துவான் தேர்விலும், 1939இல் பி.ஓ.எல். தேர்விலும், 1944இல் எம்.ஓ.எல். தேர்விலும் தேறினார், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஆனர்ஸ் வாயில் வழியாக நுழையாத ஒருவர் பல்கலைக்கழகத்தின் தலைமையை எய்தினார் என்பது தனிமனிதரின் வெற்றி மட்டுமன்று. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்க்கும், வறுமையால் கல்லூரி சேர இயலாதவர்க்கும் வித்துவான் தேர்வு திறந்திருந்தது என்பதை அது காட்டுகிறது.

இவ்விருவழி அமைப்பில் நன்மையும் தீமையும் கலந்திருந்தன. நன்மை, வாயில் அகன்றிருந்தமை. தீமை, அவ்வாயில் வழி வந்தவருக்குச் சமமதிப்புக் கிட்டாமை. ஆனர்ஸ் முடித்த ஆங்கில விரிவுரையாளருக்கும் வித்துவான் முடித்த தமிழாசிரியருக்கும் ஊதியத்திலும் மதிப்பிலும் நிலவிய ஏற்றத்தாழ்வு தமிழாசிரியர் வரலாற்றில் நெடுங்காலக் குறையாக நீடித்தது. வங்கத்தில் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1919இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இந்திய மொழிகளுக்கு எம்.ஏ. நிலையில் இடம் தந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது. தாய்மொழி இலக்கியம் உயர்பட்டத்திற்குரிய பாடமாகும் என்ற ஏற்பு, அம்மொழியைக் கற்பிப்போரின் நிலையையும் உயர்த்த வல்லது.

5. பள்ளியிறுதிக்கு நகர்ந்த வாயில்

மைக்கேல் சாட்லரின் தலைமையில் 1917 முதல் 1919 வரை செயற்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழு, ஆனர்ஸ் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். இன்டர்மீடியட் வகுப்புகளைப் பல்கலைக்கழகத்தினின்றும் பிரிக்க வேண்டும். அத்தேர்வே பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதியாக வேண்டும். பட்டப்படிப்பு மூன்றாண்டு ஆக வேண்டும். திறன்மிக்க மாணவருக்குச் சாதாரணப் படிப்பினின்றும் வேறான ஆனர்ஸ் படிப்பு அமைய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1921இல் தொடங்கிய டாக்காப் பல்கலைக்கழகம் மூன்றாண்டு ஆனர்ஸ் வகுப்பை நடத்தியது.

1922இல் நிறுவப்பட்ட தில்லிப் பல்கலைக்கழகம், துணைவேந்தர் மாரிஸ் குவையரின் காலத்தில் 1943இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்புத் திட்டத்தை ஏற்றது. இதன்படி இன்டர்மீடியட் நீங்கியது. அதன் ஓராண்டு பள்ளியோடும் மற்றோராண்டு பட்டப்படிப்போடும் இணைந்தது. மாணவர் பள்ளி முடித்தவுடன் நேரே ஆனர்ஸ் முதலாண்டில் சேர்ந்தார். படிப்பின் நடுவே இருந்த வாயில் படிப்பின் தொடக்கத்திற்கு வந்தது. கல்லூரியில் ஈராண்டு பயின்று, பல துறைகளின் சுவை அறிந்து, தன் பாடத்தைத் தெரிந்தெடுத்த நிலை மாறிற்று. பதினாறு, பதினேழு வயதில் ஒரே பாடத்தைத் தெரிவு செய்யும் நிலை வந்தது.

1948இல் அமைக்கப்பட்டு 1949இல் அறிக்கை அளித்த இராதாகிருஷ்ணன் ஆணைக்குழு, பன்னிரண்டாண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பைப் பரிந்துரைத்தது. ஆனர்ஸ் முடித்தவர் ஓராண்டிலும் சாதாரணப் பட்டம் பெற்றவர் ஈராண்டிலும் முதுகலை முடிக்கலாம் என்றும் அது கருதியது. ஆயின் நாடு முழுவதும் ஒரே அமைப்பு உருவாகவில்லை. சென்னையில் 1950களின் பிற்பகுதியில் இன்டர்மீடியட் நீங்கிப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டு பி.ஏ.வும் வந்தன. அம்மாற்றத்தை ஒட்டி ஆனர்ஸ் வகுப்பும் மறைந்தது. மூன்றாண்டு ஆனர்சுக்குப் பின் தேர்வின்றி எம்.ஏ. பெற்ற முறை போய், மூன்றாண்டு இளங்கலை, ஈராண்டு முதுகலை என்ற முறை நிலைபெற்றது. வங்கத்திலும் தில்லியிலும் ஆனர்ஸ் தொடர்ந்தது. இதனால், தமிழ்நாட்டில் ஒரு பாடத்தை முதன்மையாகக் கொண்டு பயின்ற பி.ஏ. பட்டதாரியும் தில்லியில் அதே பாடத்தில் பயின்ற ஆனர்ஸ் பட்டதாரியும் ஒத்த கல்வியுடையராயினும், பட்டத்தின் பெயரால் வேறுபட்டனர். தமிழ்நாட்டிற்கு வெளியே பணி தேடிய தமிழ்ப் பட்டதாரிகள் இப்பெயர் வேறுபாட்டை விளக்க வேண்டியவராயினர்.

6. கட்-ஆஃப் காலம்

1970களுக்குப் பின் பரவிய 10+2+3 அமைப்பில் தில்லி ஆனர்ஸ் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சார்ந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு பாடத்திற்கும் 'கட்-ஆஃப்' எனப்படும் கீழெல்லை மதிப்பெண்ணை அறிவித்தது. கலைப் பாடங்களுக்குப் பொதுவாக ஒரு மொழிப்பாடமும் மூன்று பிற பாடங்களுமாக நான்கின் சராசரி கணக்கிடப்பட்டது. கீழெல்லையை எய்தி உரிய நாளுக்குள் வந்த எல்லோரையும் கல்லூரி சேர்த்தாக வேண்டும் என்பது விதி. எனவே இடத்திற்கு மேல் மாணவர் வந்துவிடுவரோ என்னும் அச்சத்தால் கல்லூரிகள் முதற் பட்டியலில் கீழெல்லையை மிக உயர்த்தின. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் பயிலாத மாணவர்க்கு பி.காம். (ஆனர்ஸ்) சேர்க்கையின் கீழெல்லையை 100 விழுக்காடாக அறிவித்தது. 2021இல் இந்து கல்லூரியின் அரசியல் அறிவியல் ஆனர்ஸ் உட்படப் பல வகுப்புகளுக்கு முதற் பட்டியலிலேயே 100 விழுக்காடு வேண்டப்பட்டது. பெருந்தொற்றினால் மத்திய வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடைபெறாத ஆண்டு அது என்பது நினைவுகூரத்தக்கது.

இம்முறையில் ஒரு நேர்மை இருந்தது. பட்டியல் வெளிப்படையானது, எவருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை, சிற்றூர்ப் பள்ளி மாணவரும் மதிப்பெண் இருந்தால் சேரலாம். 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடு இடம் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் அதனை உறுதி செய்தது. இதனால் ஆனர்ஸ் வகுப்பறையின் சமூக அமைப்பு மாறத் தொடங்கிற்று. ஆயினும் வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை அப்படியே ஒப்பிட்டமை, தாராளமாக மதிப்பெண் வழங்கும் வாரியத்திற்கு நன்மையும் கண்டிப்பான வாரியத்திற்குத் தீங்கும் விளைத்தது.

மொழிக் கல்வி நோக்கில் கட்-ஆஃப் முறையின் விளைவு மேலும் ஆழமானது. பொருளியல், ஆங்கிலம், வணிகவியல் முதலியன பட்டியலின் உச்சியிலும், வடமொழி, இந்தி முதலிய மொழி இலக்கியப் பாடங்கள் அடியிலும் நின்றன. மதிப்பெண் பட்டியல் பாடங்களின் மதிப்புப் பட்டியலாகவே கொள்ளப்பட்டது. புகழ்பெற்ற கல்லூரியில் எவ்வாறேனும் இடம்பெற விரும்புவோர் தமக்கு ஈடுபாடில்லாத மொழிப்பாடத்தில் சேர்வதும், உண்மையான ஈடுபாட்டுடன் மொழி இலக்கியம் கற்க விரும்புவோரை 'வேறிடம் கிடைக்காதவர்' என்று பிறர் கருதுவதும் இதன் இரு முகங்கள். வித்துவான் காலத்தில் ஊதியத்தால் உணர்த்தப்பட்ட தாழ்வு, கட்-ஆஃப் காலத்தில் விழுக்காட்டால் உணர்த்தப்பட்டது.

7. நான்காம் ஆண்டும் நுழைவுத் தேர்வும்

2013இல் தில்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டு இளங்கலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஈராண்டு, மூன்றாண்டு முடிவுகளில் வெளியேறும் வாய்ப்புகளும் நான்காண்டு முடிவில் ஆனர்சும் அதில் இருந்தன. ஆசிரியர், மாணவர் எதிர்ப்புக்குப் பின், பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவுறுத்தலால் 2014 ஜூனில் அது கைவிடப்பட்டது. ஏற்கெனவே சேர்ந்திருந்த மாணவர் மூன்றாண்டுத் திட்டத்திற்கு மாற்றப்பட்டனர். தாம் சேர்ந்த படிப்பு ஓராண்டிற்குள் வேறு படிப்பாக மாறிய அனுபவம் அம்மாணவர்க்கு உரியது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்தை மீண்டும் முன்வைத்தது. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்ட வரையறை, மூன்றாண்டில் 120 கிரெடிட் பெற்றவருக்குச் சாதாரணப் பட்டமும், நான்காண்டில் 160 கிரெடிட் பெற்றவருக்கு ஆனர்ஸ் பட்டமும் என வகுத்தது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவரே 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' பெறத் தகுதியுடையர். 2022இல் நான்காண்டு அமைப்புக்கு மாறிய தில்லிப் பல்கலைக்கழகம் மூன்றாண்டு முடிவிலும் ஆனர்ஸ் என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024 ஜூலையில் தொடங்கியது. நான்காண்டுப் பட்டத்திற்குப் பின் ஓராண்டு முதுகலை என்ற ஏற்பாடு, 1949ஆம் ஆண்டு அறிக்கையின் கருத்தையும் பழைய சென்னை ஆனர்ஸின் பயனையும் ஒருவகையில் நினைவூட்டுகிறது.

மானியக் குழுவின் வரையறைப்படி ஆனர்ஸ் மீண்டும் படிப்பினிடையே ஈட்டப்படும் தகுதியாகிறது. பள்ளி மதிப்பெண் குறைந்த ஒருவர் கல்லூரியில் மூன்றாண்டு உழைத்து ஆராய்ச்சி வாயிலை எய்தலாம். சாகாவுக்கும் அண்ணாதுரைக்கும் கிடைத்த கால இடைவெளி இதனால் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. ஆயின் பழைய நடுவாயிலைக் கடக்கக் கூடுதல் ஆண்டு தேவைப்பட்டபோது அதற்கு ஈடாக முதுகலைப் பட்டம் உறுதியாயிருந்தது. இன்றைய நான்காம் ஆண்டிற்கு அத்தகைய உறுதி இல்லை. அவ்வாண்டின் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் தாங்க இயலாதவர் மூன்றாம் ஆண்டோடு வெளியேறுவர். பொருள் வசதி ஆனர்ஸின் மறைமுக அளவுகோலாகும் இடர் இங்கு உள்ளது.

சேர்க்கை வாயிலிலும் மாற்றம் நேர்ந்தது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு (கியூட்) நடைமுறைக்கு வந்தது. முதலாண்டிலேயே தமிழ் உட்பட 13 மொழிகளில் அத்தேர்வு நடைபெற்றது. நூறு விழுக்காட்டுக் கட்-ஆஃப் என்ற முரண் இதனால் நீங்கிற்று. தமிழ் வழியில் பயின்ற மாணவர் தம் மொழியிலேயே எழுதவும் வழி பிறந்தது. ஆயினும் அத்தேர்வு என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டமையால் மாநிலப் பாடத்திட்ட மாணவர் பின்தங்குவர் எனக் கூறி, தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. மொழி தன்னுடையதாக இருந்தும் பாடநூல் தன்னுடையதாக இல்லாத நிலையை இத்தீர்மானம் சுட்டிற்று.

முடிவுரை

1. ஆனர்ஸ் என்பது இந்தியாவில் தேர்வு முடிவின் பெயராகத் தோன்றி, வகுப்பின் பெயராக வளர்ந்து, இன்று படிப்பின் ஆண்டைக் குறிக்கும் பெயராகவும் ஆகியுள்ளது. பெயர் ஒன்றாயினும் அது சுட்டிய பொருள் காலந்தோறும் வேறுபட்டது. ஆகவே இருவேறு காலத்து ஆனர்ஸ் பட்டங்களை ஒன்றெனக் கொண்டு அறிஞர் வரலாறு எழுதுவது பொருந்தாது.

2. வாயில் பள்ளிக்கு அருகே செல்லச் செல்லப் பிறந்த ஊர், பயின்ற பள்ளி, எழுதிய வாரியம் ஆகியவற்றின் செல்வாக்கு மிகுந்தது. வாயில் கல்லூரிக்கு உள்ளே அமைந்த காலத்தில் மாணவரின் முயற்சிக்கு இடம் கூடிற்று. எனினும் இராமானுஜனின் நிலை காட்டுவதுபோல, உள்ளமைந்த வாயிலும் தன் அளவுகோலால் சிலரை வெளியே நிறுத்தியது.

3. இந்திய மொழி இலக்கியங்கள் பெரும்பாலும் ஆனர்ஸ் வரிசையின் ஓரத்திலேயே வைக்கப்பட்டன. வித்துவான் வழியின் அகன்ற வாயிலும் ஆனர்ஸ் வழியின் உயர்ந்த மதிப்பும் தமிழுக்கு ஒருங்கே கிடைத்த காலம் அரிது.

4. நான்காண்டு அமைப்பு அவ்விரண்டையும் இணைக்க ஒரு வாய்ப்பைத் தருகிறது. வேறு முதன்மைப் பாடத்தில் சேர்ந்த மாணவர் துணைப்பாடமாகத் தமிழைக் கற்று, ஈடுபாடு வளர்ந்தபின் ஆய்வுநிலையில் அதைத் தொடர வழி அமைக்கலாம். தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளுக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் அத்துறைகளின் வாயிலில் பள்ளியிலேயே தமிழ் பயின்று வருவோர் சிலராகவே இருப்பர். கல்லூரிக்குள் வந்தபின் தமிழைக் கண்டடைவோரே அவற்றின் எதிர்கால மாணவர். அவர்களுக்காக வாயில் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தமிழ்த்துறைகள் தத்தம் பாடத்திட்டக் குழுக்களில் முன்வைத்து முடிவு செய்தல் வேண்டும்.